விளையாட்டு மேஜையில் வியாபாரப் பாடம்

வணிகர் இதழில் விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கல்லாவை விட்டு எழுந்து தாயம் உருட்ட நம்மில் யாருக்கு நேரம் இருக்கிறது? ஆனாலும் கைபேசியில் சகலமும் வீட்டு வாசலுக்கு வரும் இந்தக் காலத்தில், ஓர் ஊரில் நான்கே நாட்களில் 2 லட்சம் பேருக்கு மேல் கூடி, உட்கார்ந்து விளையாடி, கைநிறையப் பெட்டிகளை வாங்கிப் போகிறார்கள் என்றால், அது வியாபாரிகள் கவனிக்க வேண்டிய செய்திதான்.

ஜெர்மனி நாட்டின் எஸ்ஸென் நகரில் நடக்கும் பலகை விளையாட்டுக் கண்காட்சியைத்தான் சொல்கிறோம். அதன் பெயர் 'ஷ்பீல்'. விளையாட்டு என்பதே அதன் பொருள். 1983இல் வயது வந்தோர் கல்வி நிலையம் ஒன்றில் சிறிய அளவில் தொடங்கியது. 2024இல் அக்டோபர் 3 முதல் 6 வரை நடந்தபோது 900க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரித்திருந்தன. பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நாங்களும், விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரும், அந்நாட்டில் வேலை பார்க்கும் எங்கள் தங்கை மகனோடு மூன்றாம் நாளான சனிக்கிழமை அங்கே போயிருந்தோம். நண்பர் கடையில் விளையாட்டுச் சாமான் விற்பனை சில ஆண்டுகளாகவே படுத்துவிட்டது. அந்த அலமாரிகளை எடுத்துவிட்டுக் கைபேசி உதிரிச் சாமான் வைக்கலாமா என்ற கேள்வியோடுதான் அவர் வந்தார்.

எஸ்ஸென் நிலக்கரிக்கும் இரும்புக்கும் பெயர் போன ஊர். அங்கிருந்த புகழ்பெற்ற சோல்ஃபெரைன் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. உலகம் முழுவதும் கிளை விரித்திருக்கும் 'ஆல்டி' மளிகை நிறுவனமும் 1913இல் இதே ஊரில் ஒரு சிறு கடையாகப் பிறந்ததுதான்.

பிரித்து வைத்த பெட்டி

ஜெர்மனியின் நியூரெம்பர்க் நகரிலும் புகழ்பெற்ற பொம்மைக் கண்காட்சி ஒன்று உண்டு. அது வியாபாரிகளுக்கு மட்டும். எஸ்ஸென் அப்படி அல்ல, பொதுமக்களுக்கானது. காலை 10 மணிக்குக் கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே பாய்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் இடத்திலும் வரிசையாக மேஜை நாற்காலி. மேஜை மேல் பெட்டி பிரித்தே இருக்கிறது. காலி நாற்காலியில் யாரும் உட்காரலாம். சீருடை அணிந்த ஒரு பையனோ பெண்ணோ வந்து பத்து நிமிடத்தில் விதிகளைச் சொல்லித் தருகிறார்கள். விளையாடி முடித்து, பிடித்திருந்தால் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் நன்றி சொல்லி எழுந்து போகலாம். முகம் சுளிப்பவர் யாரும் இல்லை.

நம் கடைகளில் விளையாட்டுப் பெட்டியைக் கண்ணாடித் தாள் சுற்றி உயரத்தில் வைத்திருக்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாது. அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? நண்பர் அங்கேயே இதைச் சொல்லி வருந்தினார்.

பயறு விதைக்கும் சீட்டு

பொழுதுபோக்காக நாங்கள் முதலில் உட்கார்ந்த ஆட்டம் 'போனான்ஸா'. ஊவே ரோசன்பெர்க் என்பவர் உருவாக்கி 1997இல் வெளிவந்தது. முழுக்க முழுக்கப் பயறு வியாபாரம்! முதல் பதிப்பில் 8 வகைப் பயறு, 104 சீட்டுகள். சோயா உண்டு, நம் காராமணியும் உண்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு வயல். ஒரு வயலில் ஒரே வகைப் பயறுதான் விதைக்கலாம். ஒரே வகை சேரச் சேர அறுவடையில் காசு கூடும். மலிவாகக் கிடைக்கும் பயறு நிறையச் சேர வேண்டும், அரிய பயறு இரண்டு மூன்று சேர்ந்தாலே போதும்.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கையில் வந்த சீட்டுகளின் வரிசையை மாற்றக்கூடாது. நம் முறை வந்ததும் முதல் சீட்டை விதைத்தே ஆக வேண்டும். அதற்கு வயல் இல்லை என்றால், பாதி வளர்ந்த பயிரை அழித்துக் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கிட்டங்கி நிறைந்திருக்கும்போது வாசலில் லாரி வந்து நிற்பதுபோல! ஆகவே வேண்டாத சீட்டு முன்னுக்கு வருவதற்குள் பேரம் பேசித் தள்ளிவிட வேண்டும்.

எங்களோடு விளையாடிய குடும்பத்தில் பத்து வயது இருக்கும் ஒரு சிறுமி. எங்கள் நண்பரின் முறையில் தன் கையிலிருந்த காராமணிச் சீட்டை எடுத்து அவரிடம் சும்மா கொடுத்தாள். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. கருணை என்று நினைத்தோம். அடுத்து அவள் முறை வந்தபோதுதான் கணக்குப் புரிந்தது. அந்தச் சீட்டு கையில் இருந்திருந்தால் நன்றாக வளர்ந்த வயல் ஒன்றை அவள் அழித்திருக்க வேண்டும். ஓடாத சரக்கை அடக்க விலைக்கே தள்ளிவிட்டு, ஓடும் சரக்குக்கு இடம் ஒதுக்குவதை நாம் முப்பது வருடம் கடை நடத்தித்தான் கற்கிறோம். அந்தக் குழந்தை சீட்டாட்டத்தில் கற்றுவிட்டது.

போட்டி மேஜை

பிற்பகலில் 'கட்டான்' போட்டி ஆட்டம் ஒன்றை நின்று பார்த்தோம். இதை உருவாக்கிய கிளவுஸ் டாய்பர் செயற்கைப் பல் செய்யும் தொழில் பார்த்தவர், 2023இல் காலமானார். 1995இல் வெளியான இந்த ஆட்டம் 4 கோடிப் பெட்டிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 2015இல் இதே எஸ்ஸெனில் 1,040 பேர் ஒரே நேரத்தில் இதைச் சேர்ந்து விளையாடிச் சாதனை படைத்தார்கள்.

ஒரு தீவு. மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது என்று ஐந்து சரக்குகள். அவற்றைக் கொண்டு சாலையும் ஊரும் கட்டி, முதலில் 10 புள்ளி எடுப்பவர் வென்றவர். இரண்டு பகடை உருட்டி, விழும் எண்ணுக்குரிய நிலம் விளைச்சல் தரும். மொத்தம் 36 வகை விழலாம். அதில் 6க்கும் 8க்கும் ஐந்தைந்து வழி, 2க்கும் 12க்கும் ஒவ்வொரு வழிதான். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இல்லாத சரக்கை அடுத்தவரிடம் பேரம் பேசி வாங்க வேண்டும். வங்கியிடம் போனால் நான்கு கொடுத்து ஒன்று வாங்க வேண்டும், துறைமுகம் கைவசம் இருந்தால் மூன்றோ இரண்டோ போதும்.

7 விழுந்தால் 7 சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியை இழக்க வேண்டும். 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் மொத்த வியாபாரிக்கு 200 டன் என்று அரசு இருப்பு வரம்பு வைத்து, செப்டம்பரில் அதை 50 டன்னாகக் குறைத்ததை அனுபவித்த நமக்கு இந்த விதியை யாரும் விளக்கத் தேவையில்லை.

பொழுதுபோக்கு மேஜையில் இருந்த சிரிப்பும் கேலியும் இங்கே இல்லை. ஆனால் பேச்சு ஓயவில்லை. ஆரம்பத்திலேயே அடாவடியாகப் பேரம் பேசிய இளைஞரிடம் பிறகு யாரும் செங்கல் தரவில்லை. 8 புள்ளி எட்டி முன்னணியில் இருந்தவரோடும் மற்றவர்கள் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று நியாயமாக மாற்றிக்கொண்டு, யார் கண்ணையும் உறுத்தாமல் மூன்றாவது இடத்தில் இருந்த ஒரு பெண்மணிதான் கடைசியில் வென்றார். கடைத்தெருவில் நாணயம் என்று நாம் சொல்வது அங்கே பகடையைவிட வலுவாக வேலை செய்தது.

நம் வீட்டுச் சரக்கு

அங்கே தலைமுறைகளாக வீடுதோறும் இருக்கும் ஓர் ஆட்டத்தின் பெயர் 'மனிதா, கோபப்படாதே' என்று பொருள்படும். மூனிக் நகரத்தவரான ஷ்மிட் என்பவர் 1907-08 வாக்கில் உருவாக்கி 1914இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலில் வாங்க ஆள் இல்லை. முதல் உலகப்போர் வந்ததும் ராணுவ மருத்துவமனைகளுக்கு 3,000 பெட்டிகளை இலவசமாக அனுப்பினார். குணமாகி வீடு திரும்பிய வீரர்கள் ஊர் ஊராக அதைப் பரப்பினார்கள். 1920க்குள் 10 லட்சம் பெட்டி விற்றது. இந்த ஆட்டத்தின் மூலம் எது தெரியுமா? நம் நாட்டுப் பச்சீஸிதான். பரமபத சோபனப் படமும் இப்படித்தான் வெளிநாடு போய் வேறு பெயரில் பெட்டியாகித் திரும்பி வந்தது. சரக்கு நம்முடையது, அதை உட்காரவைத்து விளையாடக் காட்டி விற்ற சாமர்த்தியம் அவர்களுடையது.

நண்பர் செய்தது

ஊர் திரும்பிய நண்பர் அலமாரிகள் முழுவதையும் எடுக்கவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மேஜையும் நான்கு நாற்காலிகளும் போட்டார். தாயக்கட்டை, பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம், இரண்டு புதிய பெட்டிகள். எல்லாம் பிரித்தே இருக்கும். ஞாயிறு மாலையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். விதி சொல்லித் தருவது, கடைப்பக்கமே வராமல் இருந்த அவருடைய மகன்.

விற்பனை மளமளவென்று ஏறிவிட்டது என்று சொன்னால் அது பொய். பல ஞாயிறுகளில் ஒரு பெட்டிகூட நகர்வதில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் குடும்பங்கள் இப்போது அரை மணி நேரம் இருக்கின்றன. போகும்போது நோட்டு, பேனா, பிறந்தநாள் பரிசு என்று ஏதாவது வாங்குகின்றன. எடுத்த அலமாரியில் முன்பு வந்ததைவிட இது குறைவில்லை என்பது நண்பரின் கணக்கு. மகன் ஞாயிறுதோறும் கடையில் இருக்கிறான் என்பதை அவர் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

மளிகைக் கடையில் மேஜை போட இடம் ஏது என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் புதிதாக வந்த மசாலாவை ஒரு பிடி பிரித்து வைத்து முகர்ந்து பார்க்கச் சொல்ல இடம் இருக்கிறது. தினையை எப்படிச் சமைப்பது என்று இரண்டு வார்த்தை சொல்ல நேரம் இருக்கிறது. நமது சங்கத்தின் குடும்ப விழாவில் இசை நாற்காலியோடு நிறுத்திக்கொள்ளாமல், பத்து மேஜை போட்டு வணிகர் வீட்டுப் பிள்ளைகளைப் பேரம் பேசும் ஆட்டங்களில் உட்கார வைக்கலாம். தோற்றால் நஷ்டம் இல்லாத இடத்தில் அவர்கள் கொடுக்கல் வாங்கல் பழகட்டும். விலையைக் குறைத்துப் பெரிய நிறுவனங்களோடு மல்லுக்கட்ட நம்மால் முடியாது. வாடிக்கையாளரை உட்காரச் சொல்லி முகம் பார்த்துப் பேச நம்மால்தான் முடியும்.