உலர்ந்த விதையில் உறங்கிய கிருமி

2011ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேர்மனியின் வடபகுதி வைத்தியசாலைகள் குருதி கலந்த வயிற்றோட்டத்தால் வாடியோரால் நிரம்பின. அந்நாட்டில் மட்டும் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 800க்கும் அதிகமானோரின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. ஈ-கோலி எனப்படும் குடற் பற்றீரியாவின் கொடிய வகையொன்றே இதற்குக் காரணமாகும்.

முதலில் ஸ்பானிய வெள்ளரிக்காய் மீது பழி வீழ்ந்தது. அது தவறெனத் தெளிவதற்குள் அந்நாட்டு விவசாயிகள் விற்க வழியின்றித் தம் விளைச்சலை அழிக்க நேர்ந்தது. ஜூன் 10ஆம் திகதியே, பச்சையாக உண்ணப்பட்ட முளைவிதைகளை அதிகாரிகள் காரணமாக அறிவித்தனர். அதே மாதம் பிரான்சின் போர்தோ நகரை அண்டியும் இந்நோய் தோன்றவே, இரு நாடுகளுக்கும் பொதுவான மூலம் தேடப்பட்டது. 2009இல் எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயத் தொகுதியொன்றை ஆய்வாளர்கள் சுட்டினர். விதைகளில் கிருமி நேரடியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆயினும் விநியோகத் தடங்கள் அங்கேயே சென்று சேர்ந்தன.

ஓராண்டுக்கு மேலாக ஈரமின்றிக் கிடந்த விதையில் கிருமி எவ்வாறு உயிர் தரித்திருக்க முடியும்? ஈரம் அற்றுப்போகும்போது இப்பற்றீரியாக்கள் பெருகுவதை நிறுத்திக்கொள்கின்றன. தம்முள் ஒருவகைச் சர்க்கரையைச் சேர்த்து, மென்சவ்வும் புரதங்களும் சிதையாது காக்கின்றன. நீரும் இளஞ்சூடும் கிடைத்ததும் விழித்தெழுகின்றன. விதை முளைப்பதற்கு நாம் அளிக்கும் ஈரமே கிருமிக்கும் விருந்தாகின்றது. விதையின் நுண்ணிய வெடிப்புகளில் அது ஒளிந்திருப்பதால், கழுவுதல் மட்டும் போதாது. உண்டபின் இரைப்பையின் அமிலத்தையும் அது தாங்கும். அமினோ அமிலமொன்றின் துணையுடன் தன்னுள் ஏறும் அமிலத்தன்மையைத் தணித்துக்கொள்கின்றது.

வரட்சியையும் அமிலத்தையும் வெல்லும் இக்கிருமி வெப்பத்தின் முன் தோற்கின்றது. உட்பகுதி வரை 70 பாகை செல்சியசில் இரு நிமிடங்கள் சூடேறினால் அது மடியும். குளிர்சாதனப் பெட்டியோ அதனைக் கொல்வதில்லை, பெருக்கத்தையே தாமதப்படுத்துகின்றது.

எமது சமையலறைகளில் வெந்தயமும் பயறும் என்றும் உள்ளவை. குழம்பில் கொதிக்கும் வெந்தயத்துக்கு நாம் அஞ்சவேண்டியதில்லை. முளைகட்டிய பயற்றைப் பச்சையாக உண்பதிலேயே ஆபத்து உள்ளது. குறிப்பாகக் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்கு அதனை நன்கு அவித்தே கொடுத்தல் வேண்டும். வயிற்றோட்டத்தில் குருதி தென்படின், கைமருந்தோடு நின்றுவிடாது உடனே வைத்தியரை நாடுவோமாக.