நெட்வொர்க் வேலையின் முதல் படி ஊரிலேயே இருக்கிறது

நெட்வொர்க்கிங் வேலைக்குப் போக விரும்பும் பெரம்பலூர், அரியலூர் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் காட்டப்படுகிறது: சென்னைக்குப் போ, கோர்ஸில் சேர், சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வை எழுது, பிறகு வேலை தேடு. சிசிஎன்ஏ மதிப்புள்ள தேர்வுதான். ஆனால் தேர்வுக் கட்டணம் மட்டுமே 300 டாலர். கோர்ஸ் பணமும் விடுதி வாடகையும் அதற்கு மேல். இத்தனையும் செலவழித்துவிட்டு வந்தவரிடம் இன்டர்வியூவில், ‘கிளை அலுவலகத்தில் நெட் வரவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய்?’ என்று கேட்டால், ஓடுகிற நெட்வொர்க்கைத் தொட்டே பார்க்காதவர் தடுமாறிப்போவார். ஆகவே முதல் வேலையைக் கேபிளும் ஏணியும் உள்ள இடத்தில், சொந்த மாவட்டத்திலேயே தேட வேண்டும். சான்றிதழ் அதன் கூடவே வரட்டும்.

‘இங்கே ஏது நெட்வொர்க்?’ என்ற கேள்விக்கு மாவட்டமே பதில் சொல்கிறது. பெரம்பலூரில் 121, அரியலூரில் 201 ஊராட்சிகள். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசேர்க்கும் பாரத்நெட் திட்டத்தில் இவையும் அடக்கம். அரியலூரின் சிமெண்ட் ஆலைகளில் சுரங்கம், கிரஷர், சூளை, எடைமேடை எல்லாம் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி நிற்பவை. செம்புக் கம்பியில் ஓடும் ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. பெரிய மோட்டார்களின் மின்காந்த இடையூறு வேறு. அதனால் அங்கே ஃபைபர்தான் கைகொடுக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தின் நாரணமங்கலம் டயர் ஆலை, அரியலூரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, வங்கிக் கிளைகள், ஊருக்கு ஊர் இருக்கும் கேபிள் ஆபரேட்டர்கள் என எல்லா இடத்திலும் லைன் விழுந்தால் ஓடிவர ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஓட்டம்தான் பாடம். வீட்டு ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பவர் மீட்டரை வைத்துப் பார்க்கிறார் டெக்னீஷியன். ஒளியின் அளவு மைனஸ் 27 டிபிஎம்முக்கும் கீழே போயிருந்தால் கோளாறு இழையிலோ, இழைகளை ஒட்டிய ஸ்ப்ளைஸிலோ, ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரிலோ இருக்கிறது. ஒளி சரியாக வந்தும் நெட் வராவிட்டால் விலான், பயனர் பெயர், ஐபி, டிஎன்எஸ் என்று படிப்படியாக மேலே போகிறார். புத்தகம் ஏழு அடுக்குகளாகச் சொல்லித்தருவதும் இதே வரிசையைத்தான்.

பி.இ. படித்த பிள்ளை கம்பம் ஏறுவதா என்று பெற்றோர் வருந்துவது நியாயமானதே. சம்பளமும் குறைவு. ஆனால் வீட்டிலிருந்தே போய்வருவதால் வாடகை மிச்சம். கையில் மிஞ்சுவது சென்னையின் தொடக்கச் சம்பளத்தில் மிஞ்சுவதைவிட அவ்வளவு குறைவாக இருக்காது. ஆபத்தும் உண்டு; மின்கம்பிக்கு அருகே பெல்ட்டும் கையுறையும் தராமல் வேலை வாங்கும் இடத்தைத் தயங்காமல் மறுத்துவிட வேண்டும். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: கேபிள் இழுப்பதிலேயே பத்து வருடம் போய்விடாதா? போகும், கவனமில்லாவிட்டால். அதனால் சேரும்போதே மூன்றைக் கேட்டறிய வேண்டும். ரவுட்டர், சுவிட்ச் அமைப்புகளைத் தொட விடுவார்களா? கோளாறைக் கண்டறியச் சொல்லித்தரும் மூத்தவர் இருக்கிறாரா? எந்தக் கோளாறு எப்படித் தீர்ந்தது என்று பதிவு வைக்கிறார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது வெறும் கூலி வேலை. சேர்ந்த பிறகு இரவில் ஒரு மணி நேரம் பாக்கெட் டிரேசர் என்ற இலவசப் பயிற்சி மென்பொருளில் சப்நெட்டும் ரவுட்டிங்கும் பழகி, இரண்டு ஆண்டுக்குள் சிசிஎன்ஏ எழுதி, நெட்வொர்க் கண்காணிப்பு மையத்துக்கோ ஆலையின் ஐடி பிரிவுக்கோ நகர்ந்துவிட வேண்டும். கிளவுடும் தானியங்கி மென்பொருளும் இந்த வேலையைத் தின்றுவிடும் என்பதும் பாதி உண்மைதான். அமைப்புகளை எழுதுவதை மென்பொருள் எடுத்துக்கொள்ளலாம். சாலை வேலையில் ஜேசிபி அறுத்த கேபிளை ஒட்ட ஆள்தான் போக வேண்டும்.

இளைஞர்கள் மட்டும் முயன்றால் போதாது. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களை எடுப்பது சட்டப்படி கட்டாயம். ஆலைகள் ஃபிட்டர், எலக்ட்ரீஷியனோடு நிறுத்தாமல் நெட்வொர்க் பிரிவிலும் அந்த இடங்களைத் திறக்க வேண்டும். ஐடிஐகளும் பாலிடெக்னிக்குகளும் ஸ்ப்ளைஸிங் இயந்திரத்தை மாணவர் கையில் தர வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் உள்ளூர் இணைய நிறுவனங்களையும் முகாம்களுக்கு அழைக்க வேண்டும். இவை நடந்தால், நெட்வொர்க் படிக்க விரும்பும் ஏழை வீட்டுப் பிள்ளை அதற்காகக் கடன் வாங்கி ஊரைவிட்டுப் போகத் தேவையிருக்காது.