இச்சாப்பூர் துப்பாக்கியும் திருச்சி உறுப்பும்

சியால்டாவில் வடக்கே போகும் ரயிலேறினால் ஒரு மணி நேரத்திற்குள் இச்சாப்பூர் வந்துவிடும். 1904 முதல் இயங்கிவரும் துப்பாக்கித் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. நம் திருச்சியில் 1966இல் மற்றொன்று நிறுவப்பட்டது. 2021 வரை இரண்டுக்கும் தலைமையகம் இந்தக் கொல்கத்தா நகரமே. 'எஸ்.எல்.ஆர்.' எனப்பட்ட 7.62 மி.மீ. துப்பாக்கியை இரு ஆலைகளும் செய்தன.

எல்லையில் ஒரு சிப்பாயின் துப்பாக்கியில் ஓர் உறுப்புத் தேய்ந்துபோயிற்று என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி இச்சாப்பூரில் செய்தது; கையிருப்பில் உள்ள உதிரி உறுப்போ திருச்சியில் செய்தது. அரம் கொண்டு தேய்க்காமல் அது பொருந்துமா? பொருந்தியே ஆகவேண்டும். அரம் தேடும் வரையில் பகைவன் காத்திருக்க மாட்டான்.

முற்காலத்தில் பிரிட்டனில் ஒரு மாதிரித் துப்பாக்கிக்கு அரக்கு முத்திரை வைத்து, அதைப் போலவே மற்றவற்றையும் செய்யச் சொல்வார்கள். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் சேராது. 1785இல் பிரான்சில் ஹோனோரே பிளாங்க் என்பவர், ஒன்றுபோல் செய்த விசை உறுப்புகளைக் கலைத்துப் போட்டுக் காட்டினார். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜெஃபர்சன், கைக்கு வந்தவற்றை எடுத்துத் தாமே பூட்டிப் பார்த்து வியந்தார்.

அந்த வியப்பை அன்றாட வேலையாக்கியது வரைபடம். துல்லியமாக 25 மி.மீ. துளை போட எவராலும் இயலாது. ஆகவே படம் 25 என்பதோடு நில்லாமல் 'ஹெச்7' என்ற குறியையும் சேர்க்கும். அதன்படி துளை 25.000க்குக் குறையலாகாது, 25.021ஐ மிஞ்சலாகாது. அதில் சுழலும் தண்டுக்குக் குறி 'ஜி6' என்றால், 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம். எந்தத் துளையில் எந்தத் தண்டைச் செருகினாலும் இடைவெளி 0.007 மி.மீட்டருக்கும் 0.041 மி.மீட்டருக்கும் இடையிலேயே அமையும். வரம்பை நெருக்கி எழுதினால் படம் உயர்ந்தது என்று நம் நண்பர்கள் சிலர் எண்ணுகிறார்கள். நெருக்க நெருக்க விலையும் ஏறும், கழித்துப்போடும் உறுப்புகளும் பெருகும்!

அடுத்தது தோற்றங்களை வைக்கும் முறை. கல்லூரியில் நாம் பயிலும் முதற்கோண முறையில், மேலிருந்து பார்த்த தோற்றம் முகப்புத் தோற்றத்தின் கீழே வரும். அமெரிக்கரின் மூன்றாங்கோண முறையில் அது மேலே வரும். தாளிலுள்ள வெட்டுக்கூம்புக் குறியைப் பாராமல் வேலை தொடங்கினால், இடப்பக்கத்துத் துளை வலப்பக்கம் போய்விடும்.

மரைகளின் கதையும் இத்தகையதே. பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கு 60. இரண்டாம் உலகப் போரில் தோளோடு தோள் நின்ற நாடுகள், ஒன்றன் திருகு மற்றொன்றன் துளையில் சரியாகப் பொருந்தாமல் அல்லற்பட்டன. 1948இல்தான் அவ்விரண்டும் கனடாவும் ஒரே மரைக்கு உடன்பட்டன.

அரக்குப் போயிற்று, 'முத்திரை' என்ற சொல் போகவில்லை. படைக்கலங்களின் மூலப் படங்களைக் காக்கும் பொறுப்புடைய அமைப்பை 'முத்திரையிட்ட விவரங்களை வைத்திருக்கும் அதிகாரம்' என்றே இன்றும் நம் நாட்டில் அழைக்கிறார்கள். ஒரு துளையை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் நல்லது என்று ஆலையில் ஒருவருக்குத் தோன்றினாலும், அவராக மாற்ற இயலாது. எழுதிக் கேட்கவேண்டும். ஒப்புதல் வந்து, படத்தின் திருத்தக் குறி மாறி, பழைய தாளைப் பட்டறையிலிருந்து அகற்றிய பிறகே துளை நகரும்.