ஒன்பது எழுத்தில் நம் கட்டுமரம்!

திருச்செந்தூர் அருகே உள்ள கடலோர ஊர், ஆலந்தலை. கட்டுமரம் என்றால் அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அந்தச் சொல் ஆங்கில அகராதியிலும் இருக்கிறது. அங்கே அதன் பெயர், "கேட்டமரான்"!

எழுத்துக் கணக்கு

தமிழில் கட்டுமரம் 6 எழுத்து. ஆங்கிலத்தில் 9 எழுத்து. சி, ஏ, டி, ஏ, எம், ஏ, ஆர், ஏ, என்.

எண்ணிப் பாருங்கள். 2, 4, 6, 8-வது இடங்களில் எல்லாம் "ஏ"தான். வேறு உயிரெழுத்தே இல்லை! இதைத் தெரிந்துகொண்டால் ஸ்பெல்லிங் மறக்காது.

1697-ல் வெளிவந்த தமது பயண நூலில், ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார்.

ஐந்து எழுத்து

"சி"யில் தொடங்கும் 5 எழுத்துச் சொற்களும் உண்டு. கறி, "கர்ரி" ஆயிற்று. சங்கு, "சாங்க்" ஆயிற்று. கொப்பரை, மலையாளம், போர்த்துக்கீசியம் வழியாகப் போய், "கோப்ரா" ஆயிற்று.

பொருள் மாறியது

நம் கட்டுமரம், மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. ஆங்கிலத்திலோ, இரட்டை அடிப்பாகம் கொண்ட படகுக்கு இன்று அந்தப் பெயர்.

பல கரைகளில் இப்போது ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. கட்டுமரம் குறைந்துவிட்டது. சொல் மட்டும் உலகக் கடல்களில் ஓடுகிறது.

ஆங்கிலம் கடினம் என்று பயப்படும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அந்த அகராதியில் உங்கள் தாத்தாவின் சொல்லும் இருக்கிறது!