நீராவிப் பெட்டியும் சவுனா அறையும்

சவுனா என்பது நான்கு பக்கமும் மரப்பலகை அடித்த ஒரு சிறிய அறை. சுவரை ஒட்டிப் படிபோல இரண்டு மூன்று தட்டுகளில் பெஞ்சுகள் இருக்கும். ஒரு மூலையில் அடுப்பு, அதன்மேல் குவித்த கற்கள். பின்லாந்துக் கிராமங்களில் விறகு எரியும். ஹோட்டல்களில் பெரும்பாலும் மின்சாரம். கற்கள் சூடேறி, அறையின் வெப்பம் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை போகும். காற்றில் ஈரம் மிகக் குறைவு. பக்கத்திலேயே இருக்கக்கூடிய ‘ஸ்டீம் ரூம்’ வேறு வகை: டைல்ஸ் ஒட்டிய அறை, 40 முதல் 50 டிகிரி வெப்பம், காற்று முழுக்க நீராவி. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர் எளிதில் காணக்கூடியது மூன்றாவது ஒன்று: ஆயுர்வேத வைத்தியசாலையின் நீராவிப் பெட்டி. ஆள் உள்ளே உட்கார்ந்திருக்க, தலை மட்டும் வெளியே இருக்கும் மரப்பெட்டி அது. மூன்றிலும் வியர்க்கும். ஆனால் ஒன்றில் செய்யவேண்டியது இன்னொன்றில் செய்யக்கூடாததாக இருக்கிறது. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

90 டிகிரிக் காற்றில் மனிதர் உட்கார முடிவது முதலில் நம்பக்கூடியதாகத் தோன்றாது. அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் தோல் வெந்துவிடும். காய்ந்த காற்று அப்படியல்ல. வெப்பத்தை அது மெதுவாகத்தான் உடம்புக்குக் கடத்தும், கசிகிற வியர்வையும் உடனுக்குடன் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். ஸ்டீம் ரூமில் இந்த இரண்டு காவலும் கிடையாது. வியர்வை காய்வதில்லை. போதாக்குறைக்கு, நீராவி தோலில் படிந்து தண்ணீராக மாறும்போது தன் வெப்பத்தையும் இறக்கிவிட்டுப் போகிறது. நாகர்கோவிலில் மழைக்கு முந்தைய புழுக்கத்தை அனுபவித்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை. டிகிரி குறைவு என்பதற்காக ஸ்டீம் ரூமை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வியர்க்க வைத்து நோய் தீர்ப்பது இந்த மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. சளி பிடித்தால் நொச்சியிலை போட்டுக் கொதித்த பானையின்முன் போர்வையை மூடி ஆவி பிடிப்பது வீட்டு வழக்கம். சித்த மருத்துவம் சொல்லும் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளில் வேதும் (ஆவி பிடித்தல்) ஒற்றடமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. எனவே வர்ம ஆசான்களின் எண்ணெய்ச் சிகிச்சையோடு மலையாள நாட்டு ஆயுர்வேதமும் இங்கே வேரூன்றியிருக்கிறது. அரசின் ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி நாகர்கோவில் கோட்டாற்றில் இருப்பது பொருத்தமான விஷயம்தான்.

ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதை வியர்வைச் சிகிச்சைக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது. நெருப்பைக் கொண்டு வியர்க்க வைக்கும் முறைகள் என்று அது பதின்மூன்றைச் சொல்கிறது. அவற்றில் ஜெந்தாகம் என்பதைப் படிக்கிறவருக்கு பின்லாந்து நினைவுக்கு வராமல் இருக்காது. நீர்நிலைக்குப் பக்கத்தில் வட்டமான மண் அறை. சுவரைச் சுற்றி உட்கார மேடை. நடுவில் துளைகள் வைத்த மண் அடுப்பு. விறகு எரிந்து புகை அடங்கியபின், எண்ணெய் தேய்த்து, துணி போர்த்து, நோயாளி உள்ளே போகவேண்டும். மேடையை விட்டு நடுவே இறங்கக் கூடாது, மயக்கத்தில் வாசல் தெரியாமல் போகும் என்ற எச்சரிக்கையும் உண்டு. வெளியே வந்த உடனே குளிர்ந்த நீரைத் தொடக்கூடாது. சற்று ஓய்ந்து, வெதுவெதுப்பான நீரில் குளிக்கவேண்டும். கண், இதயம், விதை ஆகியவற்றுக்குச் சூடு கூடாது, தவிர்க்கமுடியாவிட்டால் மிக மெல்லியதாகக் கொடுக்கவேண்டும் என்கிறது நூல். கர்ப்பிணி, நாள்தோறும் குடிப்பவர், நீரிழிவுக்காரர், பசியோடும் தாகத்தோடும் இருப்பவர், களைத்தவர் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சையே வேண்டாம் என்று பட்டியலும் போட்டிருக்கிறது. இன்றைய ஹோட்டல் சவுனாவின் கதவில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையோடு அந்தப் பட்டியலை ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் இருப்பது ஆள் விஷயத்தில். வைத்தியசாலையில் நாடி பார்த்து, நோய் கேட்டு, எவ்வளவு நேரம் என்று ஒருவர் முடிவு செய்கிறார். பெட்டிக்குப் பக்கத்தில் உதவியாளர் நிற்கிறார், ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும். தலை வெளியே இருப்பதால் முகம் கறுப்பதையும் கண் சொக்குவதையும் அவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஹோட்டல் சவுனாவில் தலையும் சூட்டுக்குள்தான். கதவைச் சாத்தியபின் பார்க்க ஆளில்லை. போகலாமா என்பதையும் எப்போது எழுந்திருப்பது என்பதையும் விருந்தினரே தீர்மானிக்கவேண்டும்.

அந்தத் தீர்மானத்துக்கு, உள்ளே உடம்பில் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருப்பது உதவும். தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புவதற்காக இதயம் வேகமாக அடிக்கிறது. நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டுவது சாதாரணம், 150 வரைகூடப் போகலாம். ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அரை லிட்டர் அளவுக்கு வியர்வை போய்விடும். ஆரோக்கியமானவருக்கு இது வேகமாக நடந்து வந்ததற்குச் சமம். அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கும், ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவருக்கும், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கும் ஆபத்து. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர், சிறுநீரக நோயாளி ஆகியோர் மருத்துவரிடம் கேட்டுவிட்டே போகவேண்டும். தோலில் ஒட்டும் வலி நிவாரணப் பட்டைகளிலிருந்து சூட்டில் மருந்து வேகமாக உடம்பில் ஏறும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாயின் உடற்சூடு கூடுவது சிசுவுக்கு நல்லதல்ல. குழந்தைக்காக முயலும் ஆண்களுக்கும், தொடர்ந்த சூடு விந்தணுக்களைத் தற்காலிகமாகக் குறைக்கும் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

நீரிழிவு தனியே பேசவேண்டிய விஷயம், ஏனென்றால் இங்கே அது இல்லாத குடும்பம் குறைவு. ஊசியில் போட்ட இன்சுலின் சூட்டில் வேகமாக உறிஞ்சப்படும். சர்க்கரை சட்டென்று இறங்கும். அப்போது வரும் தலைச்சுற்றலைச் சவுனாவின் சுகம் என்று எண்ணிச் சும்மா இருந்துவிட வாய்ப்பிருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்கு, கால் அடுப்பின் காவல் சட்டத்தில் பட்டுப் பொசுங்குவதுகூடத் தெரியாது.

பயணிக்கு நேரமும் முக்கியம். விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையில் வெயிலில் நின்று, மதியம் சரியாகச் சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் அறைக்குத் திரும்புகிறவரின் உடம்பு ஏற்கெனவே பாதி வற்றியிருக்கும். நேராகச் சவுனாவுக்குள் போவது அதற்கு மேலும் ஒரு வெயில். ஒரு மணி நேரமாவது ஓய்ந்து, தண்ணீர் குடித்து, வயிறு நிறையாமலும் காயாமலும் இருக்கும்போது போவதே சரி. காய்ச்சல் இருந்தால் கூடவே கூடாது. மதுவுக்குப் பிறகு சவுனா என்பது விடுமுறைக் கொண்டாட்டத்தில் சகஜமாக நடக்கிற தவறு, மிக மோசமானதும் அதுதான்: போதை தாகத்தையும் அசதியையும் மறைத்து, ரத்த அழுத்தத்தை இன்னும் கீழே இறக்கும். சவுனாவில் நேரும் மரணங்களில் மதுவின் பங்கை பின்லாந்து மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள்.

போவதென்று முடிவானால், முக்கால் மணி நேரம் முன்பே ரிசப்ஷனில் சொல்லிவைப்பது நல்லது. அடுப்பு சூடாக அவ்வளவு நேரம் ஆகலாம். பிறகு சோப்புப் போட்டு ஒரு குளியல். நாஞ்சில் நாட்டில் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்காதவர் இங்கே குறைவு. ஆயுர்வேதத்திலோ உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்த பிறகுதான் பெட்டிக்குள் உட்கார வைப்பார்கள். அதே உடம்போடு சவுனாவுக்குள் போனால் எண்ணெய் பலகையில் ஊறிக் கறையாகும், நாற்றமடிக்கும், அடுத்தவர் வழுக்கி விழுவார். உழிச்சல் (எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல்) முடிந்தவர் எண்ணெயை முழுக்கக் கழுவிவிட்டுத்தான் மரப்பலகையில் உட்காரவேண்டும்.

நகைகளைக் கழற்றி வைப்பது அடுத்தது. உலோகம் சூட்டை உடனே வாங்கும். மோதிரம், வளையல், கம்மல், கண்ணாடியின் உலோகச் சட்டம் எல்லாம் தோலைச் சுடும். ஆண்கள் மறந்துபோவது வெள்ளி அரைஞாணை. தாலியைக் கழற்ற விரும்பாத பெண்கள் அதைத் தோலில் படாமல் ஒரு பருத்தித் துணியில் சுற்றிக்கொள்ளலாம், அல்லது கீழ்த்தட்டில் சில நிமிடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். கான்டாக்ட் லென்ஸ், காது கேட்கும் கருவி, இன்சுலின் பம்ப், கைபேசி ஆகியவையும் வெளியே இருக்கட்டும்.

உடை நாட்டுக்கு நாடு வேறுபடும். பின்லாந்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக, ஆடையின்றி உட்காருவது பழைய வழக்கம். ஜெர்மனியில் பல இடங்களில் இருபாலாரும் அப்படியே ஒன்றாக உட்காருவார்கள். நம் ஹோட்டல்களில் அது நடக்காது. நீச்சலுடையோ இடுப்பில் துண்டோ அவசியம். சுசீந்திரம் கோயிலில் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாமி கும்பிடும் ஆண்களுக்கு வெற்றுடம்பு கூச்சமில்லை. இடுப்புத் துணியை இறுகக் கட்டினால் போதும். நைலான், பாலியஸ்டர் தோலில் ஒட்டிச் சுடும். ஊர்த் துவர்த்து (பருத்தித் துண்டு) இரண்டு கொண்டுபோனால் கச்சிதம்: ஒன்று கட்டிக்கொள்ள, ஒன்று பலகையில் விரித்து உட்கார. வியர்வை மரத்தில் படாதிருப்பதே இந்த இடத்தின் முதல் மரியாதை.

உள்ளே நுழைந்ததும் கதவு வெளிப்பக்கமாகத் தள்ளினால் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். உள்தாழ்ப்பாள் போட்ட சவுனா என்றால் திரும்பி வந்துவிடுவதே புத்தி. சூடு மேலே ஏறும் என்பதால் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் பல டிகிரி வேறுபாடு இருக்கும். புதியவர் கீழ்த்தட்டில் ஐந்திலிருந்து பத்து நிமிடம் இருந்தால் தாராளம். பழகியவருக்கும் கால் மணி நேரம் போதும். சுவரில் மணல் கடிகாரம் வைத்திருப்பது அதற்காகத்தான். ஆனால் அதில் மணல் மிச்சமிருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பது வீண் பிடிவாதம். பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999-லிருந்து சவுனாவில் யார் அதிக நேரம் தாங்குவது என்று உலகப் போட்டியே நடத்தினார்கள். 2010 ஆகஸ்டில் 110 டிகிரியில் நடந்த இறுதிச் சுற்றில் இருவர் ஆறு நிமிடங்களில் சரிந்தனர், ஒருவர் இறந்தார். போட்டி அத்தோடு நின்றது. பழகிய உடம்பும் தோற்கும் சூடு அது.

கற்களில் தண்ணீர் ஊற்றினால் ஆவி குபீரென்று எழும்பி, சூடு பலமடங்கு கூடியதுபோல் உறைக்கும். எனவே அகப்பையை எடுக்குமுன் உடனிருப்பவரிடம் கேட்கவேண்டும். சில மின் அடுப்புகள் தண்ணீர் தாங்காதவை; ஊற்றக்கூடாது என்று பலகை இருந்தால் விவாதத்துக்கு இடமில்லை. யூகலிப்டஸ் தைலத்தை நேரடியாகக் கற்களில் ஊற்றுவது நெருப்போடு விளையாட்டு, அது பற்றி எரியும் பொருள். ஈரத்துணியை அடுப்பின்மேல் காயப்போடுவதும் அப்படியே. ஸ்டீம் ரூமில் ஆவி வரும் குழாய் பெரும்பாலும் காலருகே இருக்கும். அதிலிருந்து தள்ளி உட்காரவேண்டும்.

மற்றவை பொதுப் பண்பு. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பேசினால் சூடு முழுதும் வெளியேறிவிடும். நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் குடும்பமாக நுழைவதும், பிள்ளைகளை ஓடியாட விடுவதும், ஷேவ் செய்வதும், பாட்டுப் போடுவதும் கூடாது. முன்பின் தெரியாதவர் எதிரே வியர்த்துக் கண்மூடி உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் எந்த ஊர், என்ன சம்பளம் என்று விசாரிப்பது நம் ஊர்ப் பாசம்தான். அவர் கண் திறந்தபின் வைத்துக்கொள்ளலாம். புகைப்படம் எடுக்கவே கூடாது.

வெளியே வரும்போது சட்டென்று எழக்கூடாது. கீழ்த்தட்டில் காலைத் தொங்கவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டாது. ஐஸ் தண்ணீரில் குதிப்பது பின்லாந்துப் பழக்கம். இதய நோயுள்ளவருக்கு அது ஆகாது. சரகர் சொன்னபடி ஓய்வுக்குப் பின் மிதமான நீரே போதும். குமரி முனைக் கடலில் போய் முங்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்கவேண்டாம். தளர்ந்த உடம்புக்கான அலையல்ல அது. பிறகு தண்ணீர், உப்புப் போட்ட மோர் அல்லது கஞ்சித்தண்ணீர், இளநீர். அக்கானி (பதநீர்) கிடைக்கும் பருவமென்றால் அதுவும், சர்க்கரை நோய் இல்லாதவருக்கு மட்டும். சிறுநீரக நோயாளிக்கு இளநீரின் பொட்டாசியம் ஒத்துக்கொள்ளாது.

உடம்பின் நச்செல்லாம் வியர்வையில் போய்விடும் என்ற விளம்பரத்தை நம்பவேண்டியதில்லை. வியர்வை தண்ணீரும் உப்பும்தான். கழிவை அகற்றுவது சிறுநீரகமும் கல்லீரலும். குறைந்த எடை இரண்டு டம்ளர் தண்ணீரில் திரும்பிவிடும். கிழக்கு பின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் இருபது ஆண்டுகள் கவனித்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், அடிக்கடி சவுனா எடுத்தவர்களிடம் இதய மரணம் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் சிறுவயதிலிருந்தே வாரந்தோறும் பழகியவர்கள். சவுனாவே காரணம் என்றும் அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. விடுமுறையில் ஒரு மாலை உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது தசை தளர்வும் நல்ல தூக்கமும்.

உள்ளே ஒருவருக்குத் தலைசுற்றல், குமட்டல், நெஞ்சில் படபடப்பு வந்தால், அல்லது வியர்வை திடீரென்று நின்றால், அந்தக் கணமே வெளியே கொண்டுவரவேண்டும். குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறினால் சாதாரண மயக்கம் சில நிமிடங்களில் தெளியும். நினைவோடு இருந்தால் மட்டும் தண்ணீர் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டால் பதில் வராவிட்டாலோ, உடம்பு கொதித்துக்கொண்டே இருந்தாலோ அது வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணியோ ஐஸோ வைத்துக் குளிர்வித்துக்கொண்டே இருக்கவேண்டும்.