விமானம் சொல்லும் பெயரைக் கணினியில் படிப்பது எப்படி?

2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையமும் இயங்கத் தொடங்கிவிட்டது. சான்பாடா மொட்டை மாடியில் அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகள், "அது எந்த விமானம், எவ்வளவு உயரத்துல போகுது?" என்று கேட்கிறார்கள். பதிலைப் பெரும்பாலான விமானங்கள் தாமே 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டுதான் பறக்கின்றன. ஏடிஎஸ்-பி எனப்படும் இம்முறையில் ரகசியப் பூட்டு எதுவும் கிடையாது. மென்பொருள் வானொலி பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பழைய வானொலியில் காயிலும் கண்டென்சரும் செய்த வேலையை இங்கே கணினி நிரல் செய்கிறது. டிவி பார்க்கச் செய்த, ஆர்டிஎல்2832யூ சில்லு கொண்ட டாங்கிள் அலையை எண்களாக்கித் தரும்; அவ்வளவுதான். இது பொதுவான அலைவாங்கியாகவும் பயன்படும் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. லாமிங்டன் ரோடு பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

பலரும் டம்ப்1090 என்ற இலவச நிரலை இறக்கி, வரைபடத்தில் விமானம் நகர்வதைப் பார்த்ததோடு நின்றுவிடுகிறார்கள். என் யோசனை வேறு. முதலில் நீங்களே ஒரு செய்தியைக் குறியாக்கம் செய்து, ஒரு கோப்பில் எழுதுங்கள்.

இண்டிகோ விமானத்தின் அழைப்புப் பெயர் ஐ.ஜி.ஓ. என்று தொடங்கும். எழுத்துக்கு 6 பிட். ஆங்கில வரிசையில் ஐ 9-ஆவது, ஆகவே 001001. ஜி 7, அதாவது 000111. ஓ 15, அதாவது 001111. முழுச்செய்தி 112 பிட். முதல் ஐந்து 10001, அதாவது 17 என்ற செய்தி வகை. அடுத்த மூன்று கருவியின் திறன். பிறகு 24 பிட் விமான முகவரி. இந்தியப் பதிவென்றால் 100000 என ஆரம்பிக்கும். 56 பிட் தகவல். கடைசி 24 சரிபார்ப்பு.

ஒரு பிட்டுக்கு ஒரு மைக்ரோசெகண்ட். முன்பாதியில் துடிப்பு இருந்தால் 1, பின்பாதியில் இருந்தால் 0. செய்திக்கு முன்னால் கட்டியம் கூறுவதுபோல் 8 மைக்ரோசெகண்ட் முன்னோட்டம் உண்டு.

குறிநீக்கம் இதையே திருப்பிப் போடுவது. விநாடிக்கு 20 லட்சம் மாதிரி எடுத்தால், மாதிரிக்கு அரை மைக்ரோசெகண்ட். டாங்கிள் ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு எண் தரும், இரண்டிலும் 127.5 கழித்து, வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வலிமை. 0, 2, 7, 9 ஆகிய இடங்கள் உயர்ந்து, இடையில் தாழ்ந்திருந்தால் அதுதான் முன்னோட்டம். 16-ஆம் இடத்திலிருந்து இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள்.

இனி உங்கள் கோப்பில் கொஞ்சம் இரைச்சலைக் கலந்து பாருங்கள். ஒரே பிட் புரண்டாலும் 001111 என்பது 001110 ஆகி, ஓ இருந்த இடத்தில் என் வந்து நிற்கும்! இதற்குத்தான் கடைசி 24 பிட். பள்ளிக்கூட நெடுவகுத்தல் மாதிரிதான்: அனுப்புபவர் மீதியை ஒட்டி அனுப்புகிறார், பெறுபவர் வகுத்து, மீதி பூஜ்யமாக வராவிட்டால் செய்தியைத் தள்ளிவிடுகிறார்.

உயரம் படிப்பது அடுத்த படி. இருப்பிடம் சற்றுச் சிக்கல். பொதுவாக இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆன்டெனாவுக்குக் கால் அலைநீளம், சுமார் 7 சென்டிமீட்டர் கம்பி போதும். ஜன்னல் கிரில்லுக்கு வெளியே வையுங்கள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மீதி பூஜ்யம் என்றால் செய்தி சிதையவில்லை என்றுதான் பொருள். சொன்னது விமானம்தானா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. நீங்கள் வீட்டில் செய்த கோப்பும் அதே தேர்வில் தேறிவிடும். எனவே அந்தக் கோப்பு கணினியிலேயே இருக்கட்டும். 1090-இல் அதை ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் இல்லாத விமானம் ஒன்று தோன்றக்கூடும்.