நெஸ்தோரியர் என்னும் பெயர்

பழுப்பு நிலக்கரி வேண்டுமாயின் அதன்மேல் கிடக்கும் மண்ணை முதலில் அகற்றியாக வேண்டும். இதனை நெய்வேலி மாணவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. வரலாற்றிலும் சில பெயர்கள் அந்த மேல்மண்ணைப் போன்றவை. உண்மையை மூடிக் கிடப்பவை. அத்தகைய பெயர் ஒன்றையே இன்று எடுத்துக்கொண்டேன்.

சென்னையை அடுத்த பரங்கிமலைக் கோயிலில் பழைய கற்சிலுவை ஒன்று உள்ளது. 1547ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் அங்கே மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. அதைச் சுற்றிலும் பஹ்லவி என்னும் பழம் பாரசீக எழுத்துகள். பர்னெல் முதலாகப் பலர் அவ்வாசகத்தைப் படித்தனர். பொருளில் மட்டும் ஒற்றுமை ஏற்படவில்லை. இதே வகைச் சிலுவைகள் கோட்டயத்திலும் உள. தோமா இங்கு வந்தாரா என்பது தனி வழக்கு. அதனுள் இன்று புகவில்லை. போர்த்துகீசியர் வருமுன்னரே, பாரசீகத் தொடர்புடைய கிறிஸ்தவர் இந்நாட்டில் வாழ்ந்தனர் என்பது மட்டும் உறுதி. மிளகு விளையும் மலையாளக் கரையிலும் இலங்கையிலும் அவர்கள் இருந்ததை ஆறாம் நூற்றாண்டிலேயே காஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர் எழுதியுள்ளார்.

இவர்களை மேனாட்டார் 'நெஸ்தோரியர்' என்றழைத்தனர். பெருமைப்படுத்த அன்று, பழிக்கவே.

நெஸ்தோரியஸ் 428இல் உரோமப் பேரரசின் தலைநகராகிய கான்ஸ்டாண்டிநோபிளில் ஆயரானார். மக்கள் மரியாளைக் 'கடவுளைப் பெற்றவள்' என்று போற்றி வந்தனர். அநாதியான கடவுளுக்குப் பிறப்பு ஏது? ஆதலின் 'கிறிஸ்துவைப் பெற்றவள்' என்பதே தகும் என்றார் அவர். கிறிஸ்துவை இரு கூறாகப் பிளக்கிறார் என்று எதிர்த்தெழுந்தார் அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில். அவர் அச்சமும் பொருளற்றதன்று. ஆனால் சொல்லுக்குப் பின்னே இரு பெருநகரங்களின் முதன்மைப் போட்டியும் இருந்தது.

431இல் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் எபேசு நகரில் சங்கத்தைக் கூட்டினார். நெஸ்தோரியஸுக்கு ஆதரவான அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேருமுன்னரே, சிரில் அவையைத் தொடங்கி அவரைப் பதவிநீக்கம் செய்வித்தார். சில நாள் கழித்து வந்தவர்கள் தனியே கூடிச் சிரிலைப் பதவிநீக்கம் செய்தனர்! ஒரு சாரார் வருமுன் வழங்கிய தீர்ப்பை எந்த ஊர்ப் பஞ்சாயத்தேனும் ஒப்புமா? முடிவில் சிரிலின் கட்சியே வென்றது. நெஸ்தோரியஸ் எகிப்துக்கு நாடு கடத்தப்பட்டார். அவர் நூல்களை எரிக்க 435இல் ஆணை பிறந்தது.

இதற்கும் பாரசீகச் சபைக்கும் என்ன உறவு? அச்சபை உரோம எல்லைக்கு அப்பால் இருந்தது. உரோமும் பாரசீகமும் பகை நாடுகள். பாரசீகக் கிறிஸ்தவர்மேல் உரோமரின் கையாட்கள் என்ற ஐயம் எப்போதும் உண்டு. 410இல் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்ட அச்சபை, 424இல் மேற்கத்திய ஆயர்களின் மேலாண்மை தனக்கு இல்லையென அறிவித்தது. அஃதாவது, எபேசுக்கு ஏழாண்டு முன்னரே. நெஸ்தோரியஸ் அதை நிறுவியவரல்லர். அந்தியோக்கியாவின் இறையியலை அது பின்பற்றியதும், பிற்காலத்தில் அவரைப் போற்றியதும் உண்மை. அதனால் பகைவர் இட்ட பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. 1599இல் கோவாவின் பேராயர் மெனேசிஸ் கேரளத்து உதயம்பேரூரில் கூட்டிய சங்கம், சிரியக் கையெழுத்து ஏடுகளை நெஸ்தோரியப் பிழையுடையவை என்று திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. மலபார்க் கிறிஸ்தவரின் பழைய வரலாற்றை எழுதப் புகுவோர் இன்றும் சான்றின்றித் திகைப்பதற்கு அந்நெருப்பும் ஒரு காரணம். போர்த்துகீசியத் தலைமையின்மேல் வளர்ந்த மனக்கசப்பு, 1653 ஜனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு சபதமாக வெடித்தது.

நெஸ்தோரியஸ் தம்மைக் காத்து எழுதிய நூலொன்று சிரிய மொழிபெயர்ப்பில் தப்பிப் பிழைத்து, 1910இல் அச்சேறியது. அதைக் கற்ற அறிஞருள் சிலர், சாட்டப்பட்ட கொள்கை அவருடையதன்று என்றனர், சிலர் உடன்படவில்லை. 1994 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பாலும் கிழக்குச் சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டு, மரியாளைக் குறிக்கும் இரு வழக்குகளும் ஒரே நம்பிக்கையின் வெளிப்பாடே என ஏற்றனர். அச்சபையின் இந்தியப் பிரிவு திருச்சூரில் இயங்குகிறது. அதன் பெயர் கல்தேய சிரிய சபை.